பழமாக விற்பதா, வைனாக்கி விற்பதா?

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கம் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர், பறித்த கொழுந்தை அன்றைக்கே தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட வேண்டும். வேறு வழி அவருக்கு இல்லை. கலிபோர்னியாவிலோ தெற்கு அவுஸ்திரேலியாவிலோ வைன் திராட்சை பயிரிடுபவருக்கு இரண்டு வழிகள் உண்டு: பழமாகவே விற்கலாம், அல்லது கூலி கொடுத்துப் பிழிவித்து, போத்தலில் அடைக்காத மொத்த வைனாக விற்கலாம். 2024இல் உலக வைன் நுகர்வு ஏறத்தாழ 2,140 கோடி லீற்றராக, அதாவது 1961க்குப் பிந்திய மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியிருக்கும் நிலையில், எந்த வழியில் நட்டம் குறைவு என்பதே இன்றைய கணக்கு.

வைன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையில் இருந்தால் பழமாக விற்பதே மேல். ஒப்பந்தம் இல்லாதவருக்கோ சில நாள் தாமதமும் ஆபத்து. 2024 அறுவடையில் கலிபோர்னியாவில் வாங்க ஆளின்றிக் கொடியிலேயே விடப்பட்ட பழம் ஏராளம்.

மொத்த வைனின் கவர்ச்சி, அது வாங்கித் தரும் அவகாசம்தான். ஒரு தொன் பழத்திலிருந்து சுமார் 650 லீற்றர் வைன் கிடைக்கிறது. அது தாங்கியில் மாதக்கணக்கில் காத்திருக்கும், 24,000 லீற்றர் கொள்ளும் நெகிழ்பையில் கொள்கலனேறிக் கடல் கடக்கவும் செய்யும். ஆனால் பிழிகூலியும் தாங்கி வாடகையும் விற்பவர் தலையில்தான் விழும். 2021 மார்ச்சில் சீனா இறுதி செய்த இறக்குமதி வரி 2024 மார்ச்சில் நீங்கும்வரை, அவுஸ்திரேலியச் சிவப்பு வைன் தாங்கிகளில் தேங்கிக் கிடந்தது. அடுத்த அறுவடைக்குத் தாங்கி காலியாக வேண்டும் என்பதை வாங்குபவரும் அறிவார். வெள்ளை வைனின் புத்துணர்வு குன்றுவதையும் அறிவார். ஆகவே அவர் அவசரப்படுவதில்லை.

நம் பக்கத்தில், தயாரித்த தேயிலையின் விற்பனை விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்ற சூத்திரம் இருக்கிறது; கொழும்பு ஏலம் சரிந்தால் கொழுந்தின் விலையும் சரியும். கொழுந்தின் ஈரத்துக்கென நிறுவையில் கழிக்கும் தண்ணீர்க் கழிவைப் பற்றிய முணுமுணுப்பு தனிக்கதை. இருந்தாலும் கிழமைக்கொருமுறை கொழுந்து எடுப்பவருக்கு ஒரு மோசமான கிழமையை அடுத்த கிழமை ஓரளவு ஈடுகட்டும். திராட்சைக்கோ ஆண்டுக்கு ஒரே அறுவடை.

எனவே வாங்குபவரை முன்கூட்டியே உறுதிசெய்யாமல் பிழிவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலிவான மொத்த வைன் குவிந்திருக்கும்போது, புதிய பழத்தை வாங்கிப் பிழிவதைவிட ஆயத்தமான வைனை வாங்குவதே வைன் நிறுவனத்துக்கு இலாபம். விற்காமல் வைத்திருந்த சரக்கு, அதே விவசாயியின் அடுத்த ஆண்டுப் பழத்துக்குப் போட்டியாக நிற்கிறது.