காது மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் டியூபைக் கழற்றிப் பாருங்கள்

வீட்டில் யாராவது காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் போட்டிருந்தால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 5,200 ரூபாய் போனது. அப்பா 24 நாள் காது கேட்காமல் இருந்தார். இரண்டுமே தேவையில்லாதது.

அப்பாவுக்கு 74 வயது, தூத்துக்குடியில் இருக்கிறார். மெஷின் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வாங்கிய அன்று கடைக்காரர் மாட்டிக் காட்டினார், பேட்டரி போடச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். எப்படிச் சுத்தம் செய்வது, இரவில் எப்படி வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன ஐப்பசி மழையில் சத்தம் விட்டு விட்டு வந்து, அப்புறம் நின்றே போனது. புது பேட்டரி போட்டும் பயனில்லை. கடைக்காரர் மெஷினை உள்ளே கொண்டுபோய் ஐந்து நிமிடத்தில் வந்து, "ரிசீவர் போயிடுச்சு சார், கம்பெனிக்கு அனுப்பணும்" என்றார். ரிசீவர் என்பது மெஷினுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு கையால் எழுதிய சீட்டு ஒன்று தந்தார். அதில் சீரியல் நம்பர்கூட இல்லை.

அந்த 24 நாளில் அப்பா போனை எடுப்பதையே விட்டுவிட்டார். பேத்தி பள்ளிக்கூடக் கதை சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒருநாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, அடுத்த அறையில் இருந்த அவருக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பெரிதாக அடி இல்லை. ஆனால் அப்பா இன்றுவரை அதைச் சொல்லி வருந்துகிறார்.

திரும்பி வந்த மெஷின் மார்கழிப் பனியில் அதேபோல் மறுபடி நின்றது. இந்த முறை "போர்டு போயிருக்கும், 7,000 ஆகும். பேசாமல் புதுசு வாங்கிடுங்க" என்றார். மனது ஒப்பாமல் அரசு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் போனோம்.

அவர் காதுக்குள் பொருந்தும் மோல்டையும், அதை மெஷினோடு இணைக்கும் டியூபையும் சேர்த்து மெஷினிலிருந்து உருவினார். மெஷினை ஆன் செய்து உள்ளங்கைக்குள் பொத்தினார். "கீ" என்று விசிலடித்தது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி டியூபை வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கடுகளவு நீர்த்துளிகள். மோல்டின் துளையில் குறும்பி. காதுக்குள்ளிருந்து வரும் சூடான ஈரக்காற்று, குளிர்ந்த டியூபில் துளியாகப் படியுமாம். அதனால்தான் மழையிலும் பனியிலும் மட்டும் நின்றிருக்கிறது. ரப்பர் பந்தால் ஊதி, குறும்பியை எடுத்து மாட்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம், செலவே இல்லை.

டியூப் மஞ்சளாகிக் கட்டையாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியதாம். ரிசீவரையே மாற்றியவர் கண்ணுக்கு அது எப்படிப் படாமல் போனது? சீரியல் நம்பரைச் சொல்லிக் கம்பெனியில் விசாரித்தேன். அந்த மெஷின் சர்வீசுக்கு வந்ததாகப் பதிவே இல்லை. கடையில் கேட்டால் "லோக்கல்ல பண்ணினோம்" என்கிறார். பழைய ரிசீவர் எங்கே என்றால் தூக்கிப் போட்டாராம்.

ஆகவே சத்தம் நின்றால் முதலில் இந்த விசில் சோதனையைச் செய்து பாருங்கள். டியூபைக் கழற்றியபின் விசில் வந்தால் அடைப்பு டியூபிலோ மோல்டிலோதான். மோல்டைத் தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, இரவு முழுக்கக் காயவிட்டு மாட்டலாம். மெஷின்மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது, ஸ்பிரிட்டும் வேண்டாம். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை ஒருநாளும் விடக்கூடாது.

பேட்டரியிலும் கவனம் வேண்டும். அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய், பயன்படுத்தாவிட்டாலும் தீர ஆரம்பித்துவிடும். "டெஸ்ட் பண்ணித் தரேன்" என்று கடையில் உரித்துத் தந்தால் வாங்காதீர்கள். அட்டையில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

உண்மையிலேயே பழுது என்றால் சீரியல் நம்பரும் பழுதின் விவரமும் எழுதிய ரசீது இல்லாமல் மெஷினைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அந்தக் கைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.