சித்திரைக்கு முன் மொட்டை மாடி: சுண்ணாம்பா, கூலிங் பெயிண்டா, பச்சை வலையா?

பங்குனி பிறந்ததும் வடசென்னையில் மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரே கவலைதான்: தளத்தை என்ன செய்வது? ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் காற்று சீக்கிரம் வந்துவிடும். பெரம்பூர், கொளத்தூருக்கு அது தாமதமாகத்தான் எட்டும். ஆனால் காற்று குளிர்ந்தாலும் கான்கிரீட் உடனே குளிராது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மே மாதம் கத்திரி தொடங்கிய பிறகு பெயிண்டரைத் தேடி அலைவதைவிட இப்போதே முடிவு செய்துவிடலாம்.

கடையில் கேட்டால் எத்தனை டிகிரி குறையும் என்றுதான் சொல்வார்கள். அடித்த புதிதில் சுண்ணாம்பும் வெள்ளை, பெயிண்டும் வெள்ளை. இரண்டுமே வெயிலைத் திருப்பி அனுப்பும். நம் பகுதியில் கேட்க வேண்டியது, ஆறு மாதம் கழித்து அந்த வெள்ளை என்ன நிறத்தில் இருக்கும் என்பதைத்தான். எண்ணூர், மணலி பக்கத்துக் கரித்தூசியும், துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் எந்த பிராண்டையும் விட்டுவைப்பதில்லை. வெள்ளை மங்கினால் அது திருப்பி அனுப்பும் வெயிலும் குறையும்.

அதனால்தான் நான் சுண்ணாம்புக் கட்சி. செலவு குறைவு, வருஷா வருஷம் புதுசாக அடித்துக்கொள்ளலாம். பக்குவம்தான் முக்கியம். சுட்ட சுண்ணாம்புக் கல்லை முந்தின நாளே தண்ணீரில் போட்டு ஊற வையுங்கள். அது கொதித்துப் பொங்கும், மெல்லிய பிளாஸ்டிக் பக்கெட் தாங்காது. பழைய இரும்பு டிரம் சரியாக இருக்கும். தண்ணீருக்குள்தான் கல்லைப் போட வேண்டும், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணில் தெறித்தால் பெரிய ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை கலக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். தளத்தைக் கூட்டி, நன்றாக நனைத்து, சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் சூடான தரையில் அடித்தால் உடனே காய்ந்து, காலில் மாவாக ஒட்டும். ஈரம் மெல்ல இறங்கினால்தான் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மறுபடி கல்லாக இறுகும். மறுநாள் சாயங்காலம் இரண்டாவது பூச்சு. அதன் பிறகும் ஓரிரு நாள் லேசாகத் தண்ணீர் தெளித்தால் இன்னும் நல்லது.

இதில் குறையும் உண்டு. மழையில் கரையும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் மாடித் தண்ணீர் நேராகத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகிறது. சுண்ணாம்பு அடித்த வருஷம் முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பி விடுங்கள். செடிக்கும் அது ஆகாது.

கூலிங் பெயிண்டுக்கு விலை அதிகம். நல்ல சரக்காக இருந்து, அடியில் பிரைமரும் ஒழுங்காக அடித்திருந்தால் சில வருஷம் நிற்கும். அந்தச் சில வருஷமும் தூசியைக் கழுவிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. துணி காயப் போட, வடாம் பிழிய, ராத்திரி பாய் விரிக்க என்று ஆள் நடமாட்டம் உள்ள மாடியில் பெயிண்ட் சீக்கிரம் அழுக்கேறும், தேயும். யாரும் ஏறாத கூரைக்கு அதுதான் சரி. தகர ஷீட்டில் சுண்ணாம்பு நிற்காது, பொரிந்து உதிரும். அங்கே பெயிண்ட்தான் வழி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் பழைய பாசியைக் காய்ந்த பிரஷ் வைத்துத் தேய்க்கவே கூடாது, அந்த இழை நுரையீரலுக்கு எமன். ஏறி மிதித்தால் உடையவும் செய்யும்.

ராயபுரம், ஜார்ஜ் டவுனில் மிச்சமிருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் கதை வேறு. தேக்கு உத்திரக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் போட்ட தளம் அது. ஈரத்தை வாங்கி வெளியே விட வேண்டும். பிளாஸ்டிக் தோல் மாதிரி ஒட்டும் பெயிண்டை மேலே பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கட்டை கெட்டுப்போகும். அங்கே சுண்ணாம்பைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். எந்தத் தளமானாலும், பூச்சுக்கு முன்னால் விரிசலை அடைத்துவிடுங்கள். ஈரம் இல்லாத இந்த மாதங்கள்தான் அதற்கு வசதி. வெள்ளை அடித்தால் விரிசல் மறையும், ஒழுகல் நிற்காது.

பச்சை வலையை இந்த இரண்டுக்கும் மாற்று என்று நினைத்து வாங்குகிறார்கள். தலைக்கு மேல் உயரமாகக் கட்டி, அடியில் காற்று ஓட விட்டால் தளத்துக்கும் கொஞ்சம் நிழல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் முழு மாடிக்கும் கட்ட வேண்டுமானால் கம்பத்துக்கே காசு கரையும். கடலோரத்தில் இரும்புக் குழாய் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும்; சவுக்குக் கொம்பு மேல். என்னைக் கேட்டால் வலை செடிக்கு, தளத்துக்கு இல்லை. அதுவும் எல்லாச் செடிக்கும் இல்லை. கீரை, கொத்தமல்லி, புதினாவுக்கு 50 சதவீத நிழல் வலை போதும். வெண்டை, கொத்தவரை, மல்லிகைக்கு வெயில் வேண்டும், அவற்றை வெளியே விடுங்கள். தக்காளியை இப்போது புதிதாக வைக்காதீர்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் பூ உதிரும், காய் பிடிக்காது.

மண் தொட்டியா, குரோ பேக்கா என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும், ஆனால் சீக்கிரம் காயும்; வெளியூர் போகிறவர்களுக்கு ஒத்துவராது. பை வாங்கினால் வெளிப்பக்கம் வெள்ளையாக இருப்பதை வாங்குங்கள், கறுப்புப் பை வேரை வேகவைக்கும். எடையையும் பாருங்கள்: 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பையில் ஏறக்குறைய 22 லிட்டர் பிடிக்கும். ஈர மண்ணை மட்டும் நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். பாதிக்குப் பாதி தென்னைநார்க் கழிவு கலந்து, சுவர் ஓரமாக அடுக்குங்கள். பழைய மெட்ராஸ் டெரஸின் நடுவில் ஒரு தொட்டிகூட வேண்டாம்.

தண்ணீரில்தான் வடசென்னைச் செடிகள் பாதி சாகின்றன. கடலோரத்து போர்வெல் உப்பில் இலை நுனி கருகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட உப்பு, வீணாகிறதே என்று ஊற்றாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைப் பிடித்து ஊற்றலாம். போர்வெல்தான் கதி என்றால், அவ்வப்போது மெட்ரோ தண்ணீரை அடித்துளை வழியாக ஓடும் வரை ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள். அப்புறம் ஐப்பசி மழை தொடங்கும் முன் வலையைக் கழற்றி மடித்து வைத்துவிடுங்கள். புயல் காற்றில் அது பாய்மரமாகி, கொம்பையும் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.