வங்கிக்கு வந்த காசெல்லாம் வருமானம் என்று எழுதிக் கொடுத்தார்: முகாமில் இருந்து திரும்பி வந்தவர்கள் கவனத்துக்கு

இந்திய அகதி முகாம்களில் இருந்து திருகோணமலைக்குத் திரும்பி வந்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மூதூர், சம்பூர், குச்சவெளி, திரியாய்ப் பக்கம் உங்கள் சொந்தக்காரர் யாராவது புதிதாக வந்திருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். "டின் நம்பர் எடுத்துத் தாறன், வரிக் கோப்புத் திறந்து தாறன்" என்று ஒருவர் வீடு தேடி வந்தால், காசையும் அடையாள அட்டையையும் நீட்ட முன்னர் இதைப் படியுங்கள். டின் நம்பர் என்பது வரிக்குப் பதியும்போது ஒவ்வொருவருக்கும் தரும் இலக்கம்.

நாங்கள் 2006 இல் மூதூர் கிழக்கில் செல்லடி தொடங்கியபோது படகேறினோம். தமிழ்நாட்டில் மண்டபம் முகாமுக்குப் போய், பிறகு வேறு முகாமுக்கு மாறி, 2024 இல்தான் ஊருக்குத் திரும்பினோம். அங்கே இருந்த காலம் முழுக்க என் கணவருக்குப் பெயின்ட் வேலை. முகாமில் பல ஆண்களுக்கு அதுதான் தொழில். இங்கே வந்த பிறகு நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் அவருக்கு அதே வேலை கொன்ட்ராக்டாகக் கிடைத்தது. பெயின்டும் நாங்களே வாங்க வேண்டும், ஆட்களையும் நாங்களே பிடிக்க வேண்டும். காசு வங்கிக்குத்தான் வரும், டின் நம்பர் கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

அந்த நேரத்தில் ஒரு சொந்தக்காரர் மூலம் அறிமுகமானவர்தான் இந்தத் தரகர். பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதையாகப் பேசுவார், தேத்தண்ணி குடிக்காமல் போகமாட்டார். வந்த முதல் நாளே சொன்னது இது: "தங்கச்சி, பதினெட்டு வயசுக்கு மேல எல்லாரும் பதிய வேணும். பதியாட்டி அம்பதாயிரம் தண்டம். நீங்கள் இந்தியாவில இருந்து வந்த ஆக்கள், உங்களைக் கூர்ந்துதான் பாப்பாங்கள். பிள்ளையளின்ர குடியுரிமைப் பதிவும் நிண்டு போகும்."

இந்தக் கடைசி வரிதான் எங்களை மடக்கியது. எங்கள் பிள்ளைகள் முகாமில் பிறந்தவர்கள். அவர்களுடைய பத்திரங்களுக்காக நாங்கள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. குடியுரிமைப் பதிவைப் பார்ப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். வரியைப் பார்ப்பது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். டின் நம்பர் எடுக்காததால் ஒரு பிள்ளையின் குடியுரிமைப் பதிவு நிற்காது. ஆனால் இருபது வருஷம் அதிகாரியின் ஒரு கையெழுத்துக்காக வெயிலில் நின்ற சனத்துக்கு அந்தப் பயம் போதும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 2024 ஜனவரி முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் பதிய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. பதியாதவருக்கு 50,000 ரூபா வரை தண்டம் என்றும் சொன்னது. மறைத்தது மற்றப் பாதி. அந்தப் பதிவுக்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. பதிந்தவர் எல்லோரும் வரி கட்ட வேண்டியதும் இல்லை. வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் வரி. அடையாள அட்டை இருந்தால் திணைக்களத்தின் இணையத்தளத்தில் போனிலேயே பதியலாம். இந்த இலவச வேலைக்கு அவர் தலைக்கு 12,000 வாங்கினார். எனக்கு, கணவருக்கு, மூத்த மகனுக்கு. மகனுக்கு அப்போது அடையாள அட்டையே வந்திருக்கவில்லை. அவன் பெயருக்கு இன்றுவரை எந்த இலக்கமும் இல்லை, கொடுத்த காசும் இல்லை.

சரி, அதோடு முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்போம்.

2024/25 வரி ஆண்டு, அதாவது 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை உள்ள கணக்கு. அதற்கான வரியைச் செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும், வருமானக் கணக்கை எழுதிக் கொடுக்கும் விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். இவர் நவம்பர் கடைசியில் வந்து, கோப்புக் கட்டணம் 25,000, வரிப்பணம் 60,000 என்று கையில் காசாக வாங்கினார். "மெய்யான வரி இதைவிடக் கூட, நான் கதைச்சுக் குறைச்சிருக்கிறன்" என்றார். என் கணவர் பெயின்ட் கடை பில், கூலி கொடுத்த துண்டு, லொறி வாடகைச் சிட்டை எல்லாவற்றையும் மலிபன் பிஸ்கட் பெட்டி ஒன்றில் சேர்த்து வைத்திருந்தார். சில பில்லில் வெள்ளைப் பெயின்ட் கைரேகை அப்படியே காய்ந்து கிடக்கும். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியபோது, அதெல்லாம் தேவைப்படாது, வங்கிக் கூற்று மட்டும் தாருங்கள் என்றார். பிறகு ரப்பர் முத்திரை குத்திய ஒரு ஆங்கிலத் தாளைக் கோப்பில் போட்டுத் தந்தார். அது அவர் கடையின் முத்திரை.

சில மாதம் கழித்துத் திணைக்களத்தில் இருந்து கடிதம் வந்தது. கட்ட வேண்டிய வரி 1,62,000 ரூபா, அதற்கு மேல் தாமதத்துக்கான வட்டியும் தண்டமும். தாளைப் பிடித்த கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. அவ்வளவு காசு எங்களிடம் ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை.

வங்கியில் வேலை செய்யும் அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தியோடு இருந்து கணக்குப் பார்த்தோம். அந்த வருஷம் என் கணவரின் கணக்குக்கு வந்தது மொத்தம் 26 லட்சம். அதில் ஹோட்டல் வேலைக்கு வந்தது 17 லட்சம். கனடாவில் இருக்கும் தம்பி வீடு திருத்த அனுப்பியது 6 லட்சம். மாமாவிடம் கடனாக வாங்கியது 3 லட்சம். தம்பி தந்த காசு அன்பளிப்பு, மாமாவின் காசு திருப்பிக் கொடுக்க வேண்டியது. இரண்டும் வருமானமே இல்லை. 17 லட்சத்திலும் பெயின்ட், பட்டி, தூரிகைக்கு 7 லட்சம், கூலி 4 லட்சம், சாரமும் லொறியும் அரை லட்சம் போய்விட்டது. மிஞ்சியது ஐந்தரை லட்சம். அந்த வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு வரி விலக்கு 12 லட்சம். ஆக, நாங்கள் கட்ட வேண்டிய வரி பூச்சியம்.

அவர் என்ன செய்தார் என்றால், 26 லட்சத்தையும் அப்படியே வியாபார வருமானம் என்று எழுதிவிட்டார். 12 லட்சம் கழித்தால் மிச்சம் 14. முதல் 5 லட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 லட்சத்துக்கு 12 வீதம், மீதி 4 லட்சத்துக்கு 18 வீதம். முப்பதாயிரம், அறுபதாயிரம், எழுபத்திரண்டாயிரம். கூட்டினால் கடிதத்தில் இருந்த அதே தொகை. இல்லாத வருமானத்துக்கு வரியை வரவழைத்து, அதற்கென்று எங்களிடம் வாங்கிய 60,000ஐயும் கட்டவில்லை. போன் எடுத்துக் கேட்டபோது, "காசு தந்ததுக்கு அத்தாட்சி என்ன இருக்கு?" என்று கேட்டார். அப்புறம் எங்கள் நம்பரையே தடுத்துவிட்டார்.

திருத்தலாம் என்று இணையத்தளத்துக்குள் போகப் பார்த்தால் அங்கேயும் அடைப்பு. பதிவு எங்கள் பெயரில், ஆனால் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அவருடையவை. இரகசிய இலக்கமும் அவரிடம். திணைக்களம் அனுப்பிய தகவல் எல்லாம் அவருடைய போனுக்கே போயிருக்கிறது. தபாலில் வந்த கடிதம் மட்டும்தான் எங்கள் கைக்கு வந்தது. திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டு, அடையாள அட்டையோடு நேரில் போய் அந்த எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிக்கொண்டோம். இவ்வளவு காலமும் அலுவலகம் என்றாலே அடி வயிறு கலங்கும் எனக்கு, அங்கே இருந்த உத்தியோகத்தர் பில் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வைத்திருக்கிறீங்களே, பிறகென்ன?" என்று கேட்டது பெரிய ஆறுதல்.

திருத்திய விபரத்திரட்டைக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. இதில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: விபரத்திரட்டை யார் நிரப்பினாலும் சட்டத்தில் பொறுப்பு உங்களுடையது. தரகர் பிழையாக எழுதினார் என்பதற்காகத் திணைக்களம் அவரைத் தேடிப் போகாது. இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற மதிப்பீட்டு அறிவித்தல் வந்து நீங்கள் அதை ஏற்கவில்லை என்றால், 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு, அதாவது திணைக்களமே அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதலாம். கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்தால் அந்த நாட்கள் ஓடிவிடும். பில், வங்கிக் கூற்று எல்லாவற்றையும் 5 வருஷத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். வெளிநாட்டில் இருந்து சொந்தங்கள் அனுப்பும் காசுக்கு யார் அனுப்பியது, ஏன் அனுப்பியது என்று ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதி வையுங்கள். எங்களைப் போன்றவர்களின் வங்கிக் கணக்கில் அந்தக் காசுதான் பாதிக்குழப்பத்துக்குக் காரணம்.

வரிப்பணத்தை யாருடைய கையிலும் கொடுக்காதீர்கள். அது வங்கி மூலம், உங்கள் டின் நம்பர் போட்டுக் கட்டும் காசு. வங்கி முத்திரை பதித்த சிட்டையோ இணையத்தில் கட்டிய பற்றுச்சீட்டோ உங்களிடம் இருக்க வேண்டும். கணக்குச் சிக்கலாக இருந்தால் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் போங்கள், கட்டணத்துக்கு ரிசீட் வாங்குங்கள். 2025/26 முதல் விலக்கு 18 லட்சமாகக் கூடியிருக்கிறது, அதாவது மாதம் ஒன்றரை லட்சம். திரும்பி வந்து கூலி வேலை, சின்னக் கடை, மீன்பிடி என்று தொடங்கியிருக்கும் எத்தனையோ பேர் அந்த வரம்புக்குக் கிட்டவே போகமாட்டார்கள். அவர்களிடம்தான் இந்த ஆள் கோப்புத் திறக்கச் சொல்லித் திரிகிறார்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். கிராம சேவகரிடமும் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் புதிதாக வந்த குடும்பங்களின் விலாசத்தை யாரிடமோ கேட்டுத்தான் இந்த மனுஷன் வருகிறார். ஏற்கெனவே அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், முதலில் 1944க்கு எடுத்து உங்கள் பெயரில் டின் நம்பர் இருக்கிறதா, எந்தக் கைப்பேசி எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். எங்களைப் போலக் காசு கொடுத்தவர்கள் இன்னும் இருந்தால் நீங்களும் முறைப்பாடு போடுங்கள். ஒரு குடும்பம் மட்டும் போய் நின்றால் அத்தாட்சி எங்கே என்று கேட்கிறார்கள். நாலு குடும்பம் ஒரே கதையைச் சொன்னால் அப்படிக் கேட்டு அனுப்ப முடியாது.