சயின்ஸ் பட்டீஸ் தலைப்புத் தேர்வுக் கருவி: ஆய்வைத் தொடங்கப் போதும், தலைப்பை முடிவுசெய்யப் போதாது

சயின்ஸ் பட்டீஸ் என்பது பொறியாளர் கென்னத் ஹெஸ் 2001-இல் தொடங்கிய இலாப நோக்கமற்ற கல்வி இணையதளம். அதிலுள்ள ‘டாபிக் செலக்‌ஷன் விசார்ட்’ என்னும் கருவி, மாணவரின் அன்றாட ஆர்வங்களைப் பற்றிக் கேள்விகள் கேட்டு, அவற்றுக்குப் பொருந்தும் ஆய்வுத் திட்டங்களைப் பரிந்துரைக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. மாணவர் ஆய்வுகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர் என்ற முறையில், உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

இக்கருவியின் சிறப்பு அது கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. இயற்பியலா, உயிரியலா என்று நாம் கேட்டால், மாணவர் எந்தப் பாடத்தில் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறாரோ அதுவே பெரும்பாலும் பதிலாக வரும். ஓய்வு நேரத்தில் என்ன செய்யப் பிடிக்கும், எதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றும் என்று கேட்டால் வேறு கதவு திறக்கும். இசையில் ஈடுபாடுள்ளவர் ஒலியியலுக்கும், விளையாட்டில் ஈடுபாடுள்ளவர் உடலியக்கவியலுக்கும் தாமாகவே வந்து சேர்வார்கள். பாட எல்லைகளை மறந்து தேட வைப்பதற்காகவே இதை முதல் வாரத்தில் பயன்படுத்தச் சொல்வேன்.

பரிந்துரைக்கப்படும் ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் கடினநிலை, தேவைப்படும் காலம், செலவு, பொருள்கள் கிடைக்கும் வாய்ப்பு, பாதுகாப்பு ஆகியவை முதலிலேயே தரப்பட்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆய்வுக்கூடத்தில் இல்லாத கருவியை நம்பித் தலைப்பை முடிவுசெய்துவிட்டுப் பாதி வழியில் கைவிடும் நிலையை இந்தச் சில வரிகளே தவிர்த்துவிடும்.

ஆனால் அதே பக்கத்தில் பொருள்களின் பட்டியலும் செய்முறையும் படிப்படியாகக் கொடுக்கப்பட்டுள்ளன. நடுநிலை வகுப்பு மாணவருக்கு இது வேண்டிய துணைதான். உயர்நிலை மாணவர் அந்தச் செய்முறையை அப்படியே பின்பற்றினால், விடை தெரிந்த ஒரு சோதனையைத் திரும்பச் செய்தவராகத்தான் நிற்பார். ஆகவே என் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: செய்முறைக்குப் போகாதீர்கள், பின்னணி விளக்கத்தையும், பக்கத்தின் இறுதியில் வரும் மாற்று யோசனைகளையும் படியுங்கள். இத்தளத்தின் உண்மையான மதிப்பு அந்த இரண்டு பகுதிகளில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, செடிகளில் ஆர்வமுள்ள ஒருவர் “உப்புநீர் விதை முளைப்பைப் பாதிக்குமா?” என்ற கேள்வியோடு வருகிறார் என்று கொள்வோம். பாதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னணியைப் படிக்கும்போது, விதைக்கும் முன் விதைகளை நீர்த்த உப்புக்கரைசலில் ஊறவைத்து உலர்த்தும் முறை ஒன்று உண்டென்பதை அவர் காண்பார். உடனே கேள்வி மாறுகிறது: அவ்வாறு ஊறவைத்த முள்ளங்கி விதைகள், பின்னர் உப்பு மிகுந்த சூழலில் கூடுதலாக முளைக்கின்றனவா? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஊறவைத்தவை, ஊறவைக்காதவை என்று இரண்டு குழுக்கள் மட்டும் போதா. வெறும் நீரில் ஊறவைத்து உலர்த்திய மூன்றாவது குழு இல்லாவிட்டால், கிடைத்த பலன் உப்பால் வந்ததா, ஊறியதால் வந்ததா என்று சொல்ல முடியாது. தட்டுக்குப் பத்து விதைகள் என்று வைத்தால் ஒரே ஒரு விதை முளைக்காமல் போனாலும் அந்தத் தட்டின் முளைப்பு விகிதம் 10 விழுக்காடு சரிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு குழுவுக்கும் 25 விதைகள் கொண்ட நான்கு தட்டுகளையாவது வைக்க வேண்டியிருக்கும். தலைப்பைத் தேர்வது என்பது இந்த அளவுக்கு யோசிப்பதையும் சேர்த்துத்தான். இந்த யோசனையை எந்தக் கேள்விப் பட்டியலும் மாணவருக்காகச் செய்து தராது.

அடுத்து விதிமுறைகள். சொசைட்டி ஃபார் சயின்ஸ் என்னும் அமெரிக்க அமைப்பு நடத்தும் பன்னாட்டு அறிவியல் பொறியியல் கண்காட்சி போன்ற போட்டிகளை நோக்கிச் செல்பவர் தலைப்பை உறுதிசெய்யும் முன்பே அவற்றைப் படித்தாக வேண்டும். நண்பர்களிடம் தூக்கத்தையும் நினைவாற்றலையும் பற்றி வினாத்தாள் கொடுத்து ஆராய்வது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் அது மனிதர்களை உட்படுத்திய ஆய்வு என்பதால், தரவு திரட்டத் தொடங்கும் முன்பே, இத்தகைய ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் மதிப்பாய்வுக் குழுவின் ஒப்புதல் தேவைப்படும். நுண்ணுயிரிகளை வீட்டில் வளர்ப்பதற்கு அப்போட்டியில் அனுமதியே இல்லை. தலைப்புத் தேர்வுக் கருவியின் பரிந்துரையை இந்த அனுமதிகளுக்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. இதைக் கண்டிப்போடு சொல்கிறேன், ஏனெனில் மாதக்கணக்கில் உழைத்த ஆய்வு ஒரு முன்னனுமதி இல்லாததால் தகுதியிழப்பதைப் போன்ற வேதனை மாணவருக்கு வேறில்லை.

ஆய்வுக்கூட வசதி இல்லாத மாணவருக்கு இன்னொரு வழியும் இருப்பதை ஆசிரியர்கள் எடுத்துச்சொல்ல வேண்டும். பொதுவெளியில் கிடைக்கும் தரவுகளைக் கொண்டே தரமான ஆய்வைச் செய்ய முடியும். நாசாவின் புறக்கோள் (சூரியனல்லாத விண்மீன்களைச் சுற்றும் கோள்) தரவகம் யாரும் பயன்படுத்தும்படி திறந்திருக்கிறது. விண்மீன் திரள்களைப் பொதுமக்களே இணையத்தில் வகைப்படுத்தும்படி 2007-இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில், ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சு ஆசிரியை விண்மீன் திரள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அதுவரை யாரும் விளக்கியிராத ஒளிரும் வாயுத் திரளைக் கவனித்து, இது என்ன என்று கேட்டார். கணிதத்திலும் நிரலாக்கத்திலும் தேர்ந்த மாணவருக்கு, விசார்ட் தரும் பட்டியலோடு இத்தகைய தரவகங்களையும் சேர்த்துக் காட்டுவதே முறை.

ஆக, முதல் வாரத்துக்கு இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பட்டியலிலிருந்து மூன்று திட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தாம் எதை மாற்றப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், எதை மாறாமல் வைத்திருக்கப்போகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி வரும்படி மாணவரைக் கேட்கலாம். அந்தப் பக்கத்தை எழுத முடியாத தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அதை அன்றே விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கச் சொல்லுங்கள்.