வால்கிரியைச் சரியாகப் பறக்கவிட்டது யார்? மூன்று மேக்ராஸ் ஷூட்டர்கள்

பழைய கன்சோல் கேம்களை இப்போது தேடிப்பிடித்து ஆடுகிறவர்கள், கொஞ்சம் ரோபோ அனிமே பிடித்தவர்களாகவும் இருந்தால், ஒரு கட்டத்தில் மேக்ராஸிடம் வந்து நிற்பார்கள். வந்ததும் குழப்பம். அந்தத் தொடரை வைத்து வந்த ஷூட்டர்களே (எதிரிகளைச் சுட்டுக்கொண்டே முன்னேறும் கேம்கள்) அத்தனை. எதில் தொடங்குவது? என் கணக்கில் போட்டி மூன்று கேம்களுக்கு இடையில்தான்: 1985இல் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்த 'மேக்ராஸ்', 1993இல் அதன் அடுத்த தலைமுறையான சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த 'ஸ்கிராம்பிள்ட் வால்கிரி', 1997இல் சேகா சாட்டர்னுக்கு வந்த 'டூ யூ ரிமெம்பர் லவ்'. மூன்றையும் பலமுறை ஆடியிருக்கிறேன். மூன்றின் மீதும் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் ஒரே அளவு பிரியம் இல்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். மேக்ராஸ் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1982 அக்டோபரில் தொடங்கி 1983 ஜூனில் முடிந்தது, மொத்தம் 36 அத்தியாயங்கள். பூமியில் வந்து விழுந்த ஒரு பிரம்மாண்டமான வேற்றுக்கிரகக் கப்பலை மனிதர்கள் பழுதுபார்த்து எழுப்புகிறார்கள். அதைத் தேடி ஜென்ட்ராடி என்ற ராட்சத வீரர்கள் படையோடு வருகிறார்கள். மனிதர்களிடம் இருக்கும் சிறந்த ஆயுதம் விஎஃப்-1 வால்கிரி. ஷோஜி கவாமோரி வடிவமைத்த இந்த விமானம் பார்வைக்கு அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 மாதிரியே இருக்கும். ஆனால் இதற்கு மூன்று உருவங்கள். முழு விமானமாக இருந்தால் ஃபைட்டர். நிமிர்ந்து நிற்கும் மனித உருவம் பேட்ராய்ட். இரண்டுக்கும் நடுவில், விமான உடம்புக்குக் கையும் காலும் முளைத்த பறவை போன்ற ஒன்று கெர்வாக். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் ஜெட்ஃபயரைப் பார்த்தவர்கள் வால்கிரியையும் பார்த்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்; 1985இல் வந்த அந்தப் பொம்மை, மேக்ராஸுக்காகச் செய்த வால்கிரி அச்சிலிருந்து வார்த்ததுதான்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். ஜென்ட்ராடிகளுக்குப் போரைத் தவிர வேறெதுவும் தெரியாது. பாட்டு, காதல், குடும்பம் எதுவும் அவர்கள் வாழ்க்கையில் கிடையாது. மின்மே என்ற இளம் பாடகியின் குரல் காதில் விழுந்ததும் அவர்களுக்கு ஏதோ ஆகிறது, கை தளர்கிறது. உளவு பார்க்க அனுப்பப்பட்ட மூன்று பேர் திரும்பிப் போய்ப் படைக்குள் அவள் புகழைப் பரப்புகிறார்கள். 27ஆம் அத்தியாயத்தின் மாபெரும் போரில் அவள் பாடிக்கொண்டே இருக்கிறாள், எதிரிப் படையில் ஒரு பகுதி மனிதர்கள் பக்கம் வந்து சேர்ந்துகொள்கிறது. சண்டைத் தொடர்தான், ஆனால் சண்டையை முடித்துவைப்பது பாட்டு.

ஆகவே ஒரு மேக்ராஸ் ஷூட்டரிடம் நான் கேட்பது இரண்டு. உருமாறுவதற்கு ஆட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறதா, இல்லை வெறும் அலங்காரமா? அந்தப் பாட்டுக்கு ஆட்டத்துக்குள் ஏதாவது வேலை இருக்கிறதா? கிராஃபிக்ஸ், ஸ்டேஜ்களின் எண்ணிக்கை, கஷ்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஃபாமிகாம். 90களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற 'டிவி கேம்' பெட்டிகள் இந்த ஃபாமிகாமின் நகல்கள்தான். அவற்றோடு வந்த நூறு கேம், இருநூறு கேம் கேசட்டுகளில் தேடினால் ஏதோ ஒரு வரிசையில் இந்த மேக்ராஸ் அகப்படும். பெயர் தெரியாமலே ஆடியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பக்கவாட்டில் நகரும் கருப்பு விண்வெளி, எதிரே வரும் கப்பல்கள், அவற்றைக் கடந்து எதிரியின் பெரிய கப்பலுக்குள் புகுந்து நடுவில் இருக்கும் இயந்திரத்தை அழிக்க வேண்டும். அழித்தால் மறுபடி அதே பயணம், இன்னும் கடினமாக. அவ்வளவுதான் கேம். மொத்தமே 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய பொருளிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் அந்தக் குறுகிய இடத்திலும் செய்தவர்கள் ஒன்றை யோசித்திருக்கிறார்கள். உருவம் மாறினால் திரை நகரும் வேகமும் மாறுகிறது. ஃபைட்டராக இருந்தால் எல்லாம் விர்ரென்று ஓடும். பேட்ராய்டாக நின்றால் நிதானமாகும். நெருக்கடியில் பேட்ராய்டுக்கு மாறுவது வண்டியில் பிரேக் போடுகிற மாதிரி. முதல் கேள்விக்கு இது நல்ல பதில்தான், 1985க்கு மிக நல்ல பதில். இரண்டாவது கேள்விக்குப் பதிலாக, மின்மே பாடும் 'ஷாவ் பாய் லொங்' பாட்டின் மெட்டையே பின்னணி இசையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கீச்சுக் குரல் சிப்பில் அந்த மெட்டைக் கேட்பது இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம். ஆனால் அது பின்னணி மட்டும்தான். எதிரிகளுக்கு அது கேட்பதாகத் தெரியவில்லை. பத்து நிமிடம் ஆடலாம், அதற்கு மேல் ஆட இதில் எதுவும் இல்லை.

சாட்டர்ன் கேம் இதற்கு நேர் எதிர்த் துருவம். 1984இல் வந்த மேக்ராஸ் திரைப்படத்தின் கதையை வரிசையாகப் பின்பற்றுகிறது. இரண்டு சிடி. இடையிடையே படக் காட்சிகள் வருகின்றன. பின்புலம் முப்பரிமாணத்தில் சுழல, மேலே இருபரிமாண ரோபோக்கள் நகர்கின்றன. பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த காட்சி சில இடங்களில் திரும்பி வால்கிரியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். அப்போது நாம் திரைக்குள்ளே பறக்கிறோம்.

இதில் நான் சொக்கிப்போவது ஏவுகணைகளில். இச்சிரோ இட்டானோ என்ற அனிமேட்டர் மேக்ராஸில் வரைந்த ஏவுகணைக் காட்சிகளுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'இட்டானோ சர்க்கஸ்'. பத்து இருபது ஏவுகணைகள் வெண்புகை இழுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைந்து நெளிந்து துரத்தும். சாட்டர்னில் எதிரிகளைக் குறியில் பூட்டிவிட்டு பட்டனை விட்டால், அந்தப் புகைக் கோடுகள் நம் கையிலிருந்து கிளம்புகின்றன. தொடரில் பார்த்து வாய்பிளந்த விஷயத்தை நாமே செய்கிறோம் என்ற எண்ணம் வேறெந்தப் பழைய மேக்ராஸ் கேமிலும் எனக்கு இந்த அளவு வந்ததில்லை.

உருமாற்றத்துக்கும் இதில் அர்த்தம் உண்டு. ஃபைட்டரில் வேகமும் ஏவுகணையும், பேட்ராய்டில் நின்று நிதானமாகக் குறிபார்த்துச் சுடும் வசதி. ஆனால் படத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும் என்ற கடமை கேமை இழுத்துப்பிடிக்கிறது. ஒரு நல்ல சண்டை சூடு பிடிக்கும்போது காட்சி வந்து நிறுத்தும். முதல்முறை அது ஆனந்தம். மூன்றாம்முறை ஆடும்போது அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது, கை சும்மா இருக்கிறது. பாட்டு? கடைசிக் கட்டத்தில் படத்தின் பாட்டு ஒலிக்க, நாம் எதிரித் தலைவனை நோக்கிப் போகிறோம். உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் அந்த நேரத்தில் பாட்டுதான் வேலை செய்கிறது. கேமில் அப்போதும் துப்பாக்கிதான் வேலை செய்கிறது. பாட்டை நாம் கேட்கிறோம், பயன்படுத்தவில்லை.

சரி, ஸ்கிராம்பிள்ட் வால்கிரி. 1993 அக்டோபரில் ஜாமுஸ் வெளியிட்டது, செய்தது விங்கிசாஃப்ட். பார்த்தவுடன் சொக்கவைக்கும் கேம் இல்லை இது. ஏழு ஸ்டேஜ். பக்கவாட்டு ஷூட்டர். ஹிகாரு, மாக்ஸ், மிலியா என்று மூன்று விமானிகளில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு உருவத்திலும் வேறு ஆயுதம். ஆக மூன்று பெருக்கல் மூன்று, ஒன்பது விதமான சுடும் முறைகள். இந்த ஏற்பாடே பாதி வெற்றி. ஒரே இடத்தை ஹிகாருவாக ஒரு விதமாகவும் மிலியாவாக வேறு விதமாகவும் கடக்க வேண்டியிருக்கிறது.

உருவம் மாற்றுவதற்கு விலையும் உண்டு. பேட்ராய்ட் நெடுநெடுவென்று நிற்கிறது, அதனால் குண்டு வாங்குவதற்கு அதன் உடம்பில் இடம் அதிகம். ஃபைட்டர் தட்டையாக இருப்பதால் இடுக்கில் நழுவிவிடலாம். ஆகவே சண்டை நடுவில் எந்நேரமும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்: இப்போது இந்த ஆயுதம் வேண்டும், ஆனால் இந்த உருவத்தில் நின்றால் அந்தக் குண்டு என் தலையில் விழும், அரை நொடி சுட்டுவிட்டு மாறிவிடலாமா? ஃபாமிகாமில் பிரேக்காக இருந்தது இங்கே ஒரு முழுப் பேரமாக வளர்ந்திருக்கிறது.

இனி இந்தக் கேமின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். ஷூட்டர் ஆடுகிற எல்லோருக்கும் கட்டைவிரல் ஒரே பழக்கத்தில் ஊறியிருக்கும்: சுடும் பட்டனை அழுத்தினால் எடுக்கவே கூடாது. ஸ்கிராம்பிள்ட் வால்கிரி அந்த விரலை எடுக்கச் சொல்கிறது. சுடாமல் கொஞ்சம் காத்திருந்தால் வால்கிரியைச் சுற்றி ஒளி படர ஆரம்பிக்கும். அது மின்மேயின் குரல். அந்த ஒளியோடு போய்ச் சில வகை எதிரிகளைத் தொட்டால் அவர்கள் வெடிப்பதில்லை. நம் பக்கம் வந்துவிடுகிறார்கள். நம் கூடவே பறந்து, தங்கள் சொந்த ஆயுதத்தால் தங்கள் பழைய கூட்டாளிகளைச் சுடுகிறார்கள்.

இதை முதன்முதலில் செய்துபார்த்தபோது என் கை எப்படி இருந்தது என்று இன்றும் நினைவிருக்கிறது. திரையின் வலது ஓரத்திலிருந்து எதிரிகள் வருகிறார்கள். பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். விரல் அந்தரத்தில் நிற்கிறது, அழுத்தத் துடிக்கிறது. மேலே ஒரு குண்டு, கீழே ஒரு குண்டு, நடுவில் நழுவுகிறேன். ஒளி இன்னும் முழுதாக வரவில்லை. பின்வாங்க இடம் முடிந்து திரையின் இடது விளிம்பில் முதுகு ஒட்டிவிட்டது. ஒளி வந்ததும், இத்தனை நாள் எதைத் தொடாமல் தப்பிப்பதற்காக விளையாடினோமோ அதையே தேடி முன்னால் போக வேண்டும். போனேன், தொட்டேன். அந்த ரோபோ என் பக்கம் திரும்பி நின்றது.

தொடர் 36 அத்தியாயங்களில் சொன்னதை இந்த மூன்று நான்கு நொடி சொல்லிவிடுகிறது. சுடுவதை நிறுத்து, ஆபத்தைத் தாங்கிக்கொள், நெருங்கிப் போ. வசனம் இல்லை, காட்சி இல்லை, அந்தப் பழைய சிப்பால் பாடகியின் குரலைக்கூட ஒழுங்காகப் பாட முடியாது. ஆனால் பாட்டுக்கு இங்கே வேலை இருக்கிறது. சாட்டர்ன் இரண்டு சிடி நிறையக் கொட்டியும் எட்டாத இடம் இது. அதுவும் நான்கு வருடம் முன்னாலேயே.

குறைகளும் உண்டு. இசை எனக்குத் தொடரை நினைவூட்டுவதில்லை. ஃபாமிகாமின் கீச்சு மெட்டு அந்த விஷயத்தில் இதைத் தோற்கடிக்கிறது. ஏவுகணைச் சர்க்கஸைப் பார்க்க வேண்டுமென்றால் சாட்டர்னுக்குத்தான் போக வேண்டும். கதையும் பெயரளவுக்குத்தான்.

இந்த வரிசையில் மற்ற சிலவற்றை ஏன் சேர்க்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். பிசி எஞ்சின் சிடி என்ற கன்சோலுக்கு 1992இல் வந்த 'மேக்ராஸ் 2036' ஒரு நல்ல முயற்சி. மாக்ஸ், மிலியா தம்பதியின் மகள் கொமிலியாதான் நாயகி, தொடர் பிடித்தவர்களுக்கு அந்த ஒரு காரணமே போதும். ஆனால் ஷூட்டராக அது இந்த மூன்றோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் மேக்ராஸை வேறு இரண்டு தொடர்களோடு ஒட்டி 'ரோபோடெக்' என்று 1985இல் ஒளிபரப்பினார்கள். அந்தப் பெயரில் 2002இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு ஒரு பக்கவாட்டு ஷூட்டர் வந்தது. மூன்று உருவங்களும் உண்டு, ஆனால் கையில் கனமாக இருக்கிறது, அழகும் குறைவு. அதே ஆண்டு பெரிய கன்சோல்களுக்கு வந்த 'பேட்டில்கிரை' முப்பரிமாண ஆட்டம், அதை இவற்றோடு ஒப்பிடுவது சரியாக வராது.

வாங்கி ஆட நினைப்பவர்களுக்கு: என் மூன்றுமே ஜப்பானில் மட்டும் வெளியானவை. மேக்ராஸ் உரிமை குறித்து ஜப்பான் தரப்புக்கும் ரோபோடெக் வைத்திருக்கும் ஹார்மனி கோல்டுக்கும் நீண்ட காலம் தகராறு இருந்து, 2021இல்தான் உடன்பாடு வந்தது. அதற்குள் இந்தக் கன்சோல்களின் காலம் முடிந்துவிட்டது. சூப்பர் ஃபாமிகாம் கேசட், அதன் அமெரிக்க வடிவமான எஸ்என்இஎஸ் பெட்டியில் நுழையாமல் தடுப்பது உள்ளே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் மட்டும்தான். மின்னணுப் பூட்டு எதுவும் குறுக்கே வராது. சாட்டர்ன் அப்படி இல்லை, ஜப்பானிய இயந்திரமோ நாட்டுப் பூட்டைத் தாண்டவைக்கும் கேசட்டோ தேவை. அந்தக் கேம் 1999இல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது, அதற்கும் இதே பூட்டுப் பிரச்சினை உண்டு. ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் சாட்டர்னில் கதைக் காட்சிகளை ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்கிராம்பிள்ட் வால்கிரிக்கு அந்தக் கவலையே இல்லை. விமானியைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். தொடங்கியதும் முதல் ஸ்டேஜிலேயே ஒருமுறை பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஒளி வரும்வரை உயிரோடு இருக்கப் பாருங்கள்.