படிப்பகத்து மின்னூல் அலமாரி: கழிக்கக் கழிக்க ஆள் வந்தது

திருநகரில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு பழைய லேப்டாப்பில், மின்னூல்களை அடுக்கி வைக்கும் மென்பொருளான காலிபரும், அந்த நூல்களை பிரவுசரில் காட்டும் காலிபர்-வெப்பும் ரொம்ப நாளாக ஓடுகின்றன. சுவரில் ஒட்டிய கியூஆர் கோடைப் போனில் பிடித்தால் நூல் பட்டியல் திறக்கும். படிப்பக வைஃபை போதும், டேட்டா செலவில்லை. கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், ரூட்டர் தாங்காது. அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ்.

நூல்கள் எல்லாம் சட்டப்படி பகிரக்கூடியவை. பாதிக்கு மேல் மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்தவை. தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. பேரில்தான் மதுரை, உழைத்தவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள். மீதி, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் கிரியேட்டிவ் காமன்ஸ் நூல்கள்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் திறந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் கேட்டே விட்டார்: "தம்பி, இதுல எதத் தொட்டாக் கதை வரும்?" ஓரத்து மெனுவில் பதிப்பகம், மொழி, மதிப்பீடு, கோப்பு வடிவம் என்று வரிசையாக நின்றால் அவர் எதைத் தொடுவார்? விருந்தினர் கணக்கின் அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் இருக்கிறது. புதிய நூல்கள், ஆசிரியர்கள், அலமாரிகள் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒரே நூலுக்கு ஏ4 பிடிஎஃப், ஆறு இஞ்ச் பிடிஎஃப், மோபி, இபப் என்று நான்கு வடிவம் இருந்ததில் இபப் மட்டும் மிச்சம். பிடிஎஃப் போலில்லாமல் அதில் போன் திரைக்கு ஏற்ப எழுத்து மடங்கி வரும். கிண்டில் வைத்திருப்பவர்களுக்கும் சிக்கலில்லை. கிண்டிலுக்கு நூல் அனுப்பும் அமேசானின் சென்ட்-டு-கிண்டில் சேவை 2022 முதல் இபப்பை ஏற்கிறது.

உண்மையான வேலை ஆசிரியர் பெயரில்தான் இருந்தது. காலிபர் இயல்பாகப் பெயரின் கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுபோய் அடுக்கும். உ. வே. சாமிநாதையருக்கு அது நல்லதுதான், 'சா'வில் தேடினால் கிடைப்பார். வை. மு. கோதைநாயகி அம்மாளோ 'அம்மாள்' ஆகி அகரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தாமோதரம் பிள்ளை எல்லோரும் பகரத்தில் ஒரே கூட்டம்! காலிபரின் ட்வீக்ஸ் என்ற நுணுக்க அமைப்பில் 'காப்பி' என்று மாற்றினால் பெயர் உள்ளபடியே நிற்கும், ஆனால் இனிஷியல்காரர்கள் எல்லோரும் இனிஷியலில் போய் ஒளிந்துகொள்வார்கள். ஆக, ஆசிரியர் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் கையால்தான் திருத்தினேன். அலுப்பான வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

தேடுவதற்குப் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். அதனால் நூல் பெயரை அப்படியே ஆங்கில எழுத்திலும் குறிச்சொல்லாகச் சேர்த்தேன். தேடல் குறிச்சொற்களையும் பார்க்கும். நூல் பக்கம் கொஞ்சம் அசிங்கமாகத் தெரிகிறது, பரவாயில்லை.

அதிகம் பயன்பட்டது 'பஸ்ல படிக்க' என்று நான் போட்ட பொது அலமாரி. அதில் சிறுகதைகள் மட்டும், அதுவும் கொஞ்சமாகத்தான். பெரியார் பஸ் நிலையம் போய்த் திரும்புவதற்குள் ஒரு கதை முடியவேண்டும் என்பது கணக்கு. முழுப் பட்டியலையும் மேய்கிறவர்கள் குறைவு, இந்த அலமாரியோடு திருப்தியாகிப் போகிறவர்களே அதிகம்.

ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப்கள் மட்டும் இன்னும் தலைவலி. இபப்பாக மாற்றினாலும் வெறும் படமாகத்தான் வருகிறது, போனில் கண் வலிக்கிறது. அவற்றை 'கம்ப்யூட்டர்ல படிக்க' என்று தனி அலமாரியில் தள்ளி வைத்திருக்கிறேன்.