மத்தியா, கடைத் தீனியா, தயிர்சாதமா? கொல்லைப்புறப் பூனைகளோடு மூன்று வருஷம்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் மோட்டார் ஷெட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. 2022 கோடையில் அங்கே ஒரு பெட்டைப் பூனை மூன்று குட்டி போட்டது. வளர்க்கும் எண்ணமெல்லாம் எங்களுக்கு இல்லை. அம்மா கொட்டாங்குச்சியில் கொஞ்சம் பால் வைத்தார், அவ்வளவுதான். அடுத்த வருஷம் அதே சந்தில் ஒன்பது பூனைகள்.

அதற்குப் பிறகு சாப்பாடு, நேரம், படுக்க இடம் என்று ஒவ்வொன்றிலும் நாலைந்து வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. இது சென்னை மடிப்பாக்கத்துக் கணக்கு. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் படுக்கைப் பெட்டி விஷயத்தை மட்டும் தங்கள் குளிருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளவும்.

தட்டில் எதைப் போடுவது

முதல் சுற்றிலேயே அடிபட்டது பால். பூனை என்றாலே பால் என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஆனால் தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் செரிப்பதில்லை. குடிக்க ஆசையாகத்தான் குடிக்கும். மறுநாள் சந்தைக் கழுவுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பாலுக்குச் செலவழிக்கும் காசை மிச்சம் பிடித்து, இரண்டு மண்சட்டியில் சுத்தமான தண்ணீர் வையுங்கள்.

தயிர்சாதத்தில் லாக்டோஸ் தொல்லை குறைவு. அங்கே சிக்கல் சோறுதான். பூனை முழுக்க இறைச்சி தின்னப் பிறந்த பிராணி. டாரின் என்று ஒரு சத்து அதற்கு மாமிசத்திலிருந்து வந்தாக வேண்டும், உடம்பு தானாகப் போதுமான அளவு தயாரிக்காது. நீண்ட நாள் குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துவிடும். "எங்கள் பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதம் தின்றே பத்து வருஷம் இருந்தது" என்பார்கள். இருந்திருக்கும். மீதிச் சத்தை எலியும் பல்லியும் ஓணானும் கொடுத்திருக்கும், பாட்டிக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்காது. நாய்த் தீனி மலிவு என்று வாங்கிப் போடுகிறவர்களுக்கும் இதே டாரின் பதில்தான். பூனைக்குத் தேவையான அளவு அதில் இருக்கும் என்று நம்ப முடியாது.

தயிர்சாதத்தையாவது போகட்டும் என்று விடலாம். மிச்சமான குழம்புச் சோறு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம் வீட்டுக் குழம்பில் அவை இரண்டும் இல்லாத நாள் எது?

ஆக உண்மையான போட்டி மீனுக்கும் கடையில் விற்கும் உலர் தீனிக்கும்தான்.

மத்தி, நெத்திலி போட்டால் ஒன்பது பூனையும் காலைச் சுற்றும். ஆனால் பச்சையாக, தினமும் கூடாது. மத்தி வகை மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் பத்து நிமிஷம் வேகவைத்தால் போதும். பெரிய மீன் தலை என்றால் முள்ளை எடுத்துவிட வேண்டும். கோழிக்கடைக் கழுத்து, ஈரல் எல்லாம் அவ்வப்போது சரி. ஈரலை மட்டும் தினப்படி ஆக்கினால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறும். வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடையும் என்பதால் அதைப் போடுவதே இல்லை.

மீனின் பலவீனம் வாசனையும் வரத்தும். எங்கள் தெரு முனையில் மீன் விற்கும் அக்கா, என் பையைப் பார்த்ததும் "இன்னா தம்பி, வூட்டுக்கா பூனைக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுவார். பூனைக்கு என்றால் உடைந்ததும் வாலுமாகச் சேர்த்து மலிவாகத் தருவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் அந்தக் கதையே நடக்காது. அந்த 61 நாளும் விலை நம்மைக் கடிக்கும், பூனைக்குத் தடைக்காலம் புரியாது.

உலர் தீனி விலை ஏறி இறங்கினாலும் எப்போதும் கிடைக்கும். நான் வாங்குவது கிலோ 350 ரூபாய் வாக்கில் வருகிறது. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளுக்கு 60 கிராம் போதும், அதாவது ஒரு பூனைக்கு ஏறத்தாழ 21 ரூபாய். டாரின் சேர்த்தே வருகிறது. குறைகள் இரண்டு. ஒன்று, ஈரப்பதம் கிட்டத்தட்ட கிடையாது, பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் போடக் கூடாது. இரண்டு, ஐப்பசி மழையில் பிரித்த பை பூசணம் பிடித்துவிடும். பெரிய பையாக வாங்கினால் லாபம் என்று ஏழு கிலோ வாங்கி, பாதியைக் குப்பையில் கொட்டியவன் சொல்கிறேன், சின்னப் பையாக வாங்கி மூடி இறுகிய டப்பாவில் போட்டுவையுங்கள்.

என் தீர்ப்பு: தினமும் உலர் தீனி, வாரத்தில் இரண்டு நாள் வேகவைத்த மத்தி. தடைக்காலத்தில் மத்திக்குப் பதில் ஒரு முட்டை, வேகவைத்து உதிர்த்தது.

எறும்பை மறந்துவிட்டேன். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே தீனிக் கிண்ணத்தை வைத்தால் போதும். சர்க்கரை டப்பாவுக்கு வீட்டில் செய்கிற அதே வேலை.

கொட்டிவிட்டுப் போவதா, நேரத்துக்கு வைப்பதா

உண்மையில் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய விஷயம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

முதல் வருஷம் காலையில் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டு ஆபீஸ் போய்விடுவேன். பூனை பசித்தபோது தின்னும் என்று நினைப்பு. பகலில் காக்கை, சாயங்காலம் தெருநாய், ராத்திரி பெருச்சாளி என்று ஷிஃப்ட் போட்டு வந்தன. பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் மதில் மேல் எட்டிப் பார்த்து, "நீ பூனைக்குப் போடறியா, பெருச்சாளிக்குப் போடறியாப்பா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் பூனைகளை எதிர்த்தவரே அல்ல, அவர் பூந்தொட்டிகளை யாரோ தோண்டுகிறார்கள் என்பதுதான் அவர் வருத்தம்.

இப்போது காலை ஆறரை, ராத்திரி ஏழரை. தட்டு வைத்து அரை மணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிடுவேன். சாய்வான ஒரு மூலையில் பழைய மணல் கொட்டி வைத்ததில் மாமியின் தொட்டிகளும் பிழைத்தன. அந்த மணலைத் தினமும் அள்ளிவிட வேண்டும். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது மற்றவருக்குத் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் எடுத்துவிடுவதுதான் கணக்கு. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

நேரம் வைத்ததில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. தலை எண்ண முடிகிறது. யார் வரவில்லை, யார் நொண்டுகிறார்கள், யார் வயிறு பெருத்திருக்கிறது என்று அரை மணியில் தெரிந்துவிடும். கொட்டிவிட்டுப் போன காலத்தில் சந்தில் எத்தனை பூனை என்றே எனக்குத் தெரியாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன்படி வளாகத்து விலங்குகளுக்கு உணவு வைக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டிய பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துக்கு உண்டு. இடம் குழந்தைகள் விளையாடுமிடம், நுழைவாயில், மாடிப்படி இவற்றிலிருந்து தள்ளியிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. சண்டை போடப் போகிறவர்கள் இரண்டாவது பாதியையும் படித்துவிட்டுப் போனால் நல்லது.

படுக்க இடம்

இணையத்தில் தேடினால் வருகிற பெட்டி யோசனைகள் எல்லாம் பனி கொட்டும் நாட்டுக்காரர்களுடையவை. தெர்மாகோல் பெட்டி, சின்ன வாசல், உள்ளே வைக்கோல். அக்னி நட்சத்திரத்தில் அதை வைத்துப் பார்த்தேன். ஒரு பூனைகூட எட்டிப் பார்க்கவில்லை. நானே கையை விட்டுப் பார்த்ததும் காரணம் புரிந்தது.

அட்டைப்பெட்டி காசில்லாதது, பூனைக்கும் உயிர். மழை வரும்வரை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். அட்டை கூழாகி மிதந்தது. பூனைகள் முந்தின ராத்திரியே மோட்டார் ஷெட்டின் கூரைக்கு ஏறிவிட்டிருந்தன. என்னைவிட அவற்றுக்கு வானிலை தெரியும்.

இப்போது இருப்பது பழைய நீல பிளாஸ்டிக் டிரம், படுக்கவைத்து இரண்டு பக்கமும் திறப்பு வெட்டியது. சுவரோரம் மூன்றடி உயரத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கிறது. உள்ளே கோணி. இரண்டு வாசல் இருப்பதால் காற்றும் போகும், கடுவன் ஒரு பக்கம் வந்தால் மற்றது மறுபக்கம் தப்பியும் போகும். வெட்டிய விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபை ஒட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கிழித்துவிடும். வெயில் காலத்தில் கோணியை எடுத்துவிடுவேன். மழை ராத்திரிகளில் கார் எஞ்சின் சூட்டுக்குப் போய்ப் படுப்பதும் உண்டு. காலையில் பானெட்டை இரண்டு தட்டு தட்டாமல் நான் சாவி திருப்புவதில்லை.

கொண்டுபோய் விடுவதா, ஆபரேஷனா

ஒன்பது பூனை ஆனதும் உறவினர் ஒருவர் கோணிப்பையோடு வந்துவிட்டார். பிடித்துக் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம், அங்கே பிழைத்துக்கொள்ளும் என்றார். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் வழிவிடுமா? இங்கே காலியாகும் சந்துக்கு அடுத்த தெருப் பூனை வராமல் இருக்குமா? பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம், ஐந்து மாதக் குட்டியே சினையாகிவிடும். கோணிப்பை அதற்கு ஈடுகொடுக்காது.

ஆகவே கருத்தடை ஆபரேஷன்தான் என்று முடிவாயிற்று. பிடித்துக்கொண்டு போகப் பொறிக்கூண்டு வாடகைக்குக் கிடைத்தது. பசித்த பூனைதான் கூண்டுக்குள் போகும், நேரத்துக்குச் சாப்பிட்டுப் பழகிய பூனைதான் சரியாக ஏழரைக்குப் பசியோடு வரும். வைக்க வேண்டிய நாளில் தட்டுக்குப் பதில் கூண்டில் மத்தி. கையால் பிடிக்கப் போகாதீர்கள். கடித்தால் கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டியிருக்கும். நான் போயிருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியை ஒரு சென்டிமீட்டர் போல நேராக வெட்டிவிடுகிறார்கள், மறுபடி பிடிபட்டால் மறுபடி கிழிக்காமல் இருக்க. ஏழு மாதத்தில் எட்டுக் காதுகள். அதற்குப் பிறகு சந்தில் குட்டி இல்லை, ராத்திரி ஊளையும் பாதியாகக் குறைந்தது.

பாதிதான். ஒன்பதாவது ஒரு சாம்பல் கடுவன். கூண்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, மற்றவை மாட்டுவதை எட்டுத் தடவையும் பார்த்தது. இப்போது பொறி வைப்பதை விட்டுவிட்டு, கூண்டின் கதவைத் திறந்தபடியே கட்டிப்போட்டு அதற்குள் தட்டு வைத்துப் பழக்குகிறேன். நேற்று முன்னங்கால் இரண்டும் உள்ளே வந்தன.